கருந்துளையா, நியூட்ரான் விண்மீனா? பேரொளிர் எக்ஸ் கதிர் மூலங்களை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவு ஒன்பது மணிவாக்கில் ராமேசுவரம் தீவின் வடகரையில் நின்று பார்த்தால், வடகடலுக்கு மேலே ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில் நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலமான எம்-82 நிற்கும். நல்ல இருட்டும் ஒரு பைனாகுலரும் இருந்தால் மங்கலான கோடாகத் தெரியும். டிசம்பர் கடைசியில், மழை விட்ட ஓர் இரவில் தென்கடல் பக்கம் திரும்பினால், அடிவானத்துக்குச் சற்று மேலே என்.ஜி.சி. 1313 வந்திருக்கும். அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். வானியலாளர்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடாத எக்ஸ் கதிர் மூலங்கள் இந்த இரண்டு மண்டலங்களிலும் இருக்கின்றன. நம் அட்சரேகை 9 டிகிரிச் சொச்சம் என்பதால் வடக்கே உள்ளதும் தெற்கே உள்ளதும் நமக்கு எட்டுகின்றன. ஐரோப்பாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் அந்த எக்ஸ் கதிர்களைக் கரையில் நின்று பிடிக்க முடியாது. வளிமண்டலம் அவற்றை மேலேயே விழுங்கிவிடும். அளப்பது செயற்கைக்கோளின் வேலை. அளந்த தரவு இணையக் காப்பகங்களில் இலவசமாகக் கிடக்கிறது. கீழக்கரையிலோ மண்டபத்திலோ பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் போதும், இந்த வேலையைச் செய்யலாம். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

ஒரு விண்மீன் மண்டலத்தின் மையத்தில் இல்லாமல், புள்ளி போலத் தெரியும் ஓர் எக்ஸ் கதிர் மூலத்தின் ஒளிர்வு நொடிக்கு 10³⁹ எர்க்கை (எர்க் ஆற்றலின் சிறிய அலகு) தாண்டினால் அதைப் பேரொளிர் எக்ஸ் கதிர் மூலம் என்கிறோம். ஆய்வாளர்கள் பேச்சில் யூ.எல்.எக்ஸ். சூரியனின் மொத்த ஒளிர்வைப் போல இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல், அதுவும் எக்ஸ் கதிரில் மட்டும். 1978-இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டீன் செயற்கைக்கோளின் படங்களில் இவை முதலில் தென்பட்டன. இன்றைய பட்டியல்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இருக்கின்றன.

அந்த 10³⁹-க்கு ஒரு காரணம் உண்டு. கருந்துளையோ, வெடித்த பெரிய விண்மீனின் சுருங்கி இறுகிய எச்சமான நியூட்ரான் விண்மீனோ பக்கத்து விண்மீனிலிருந்து வாயுவை இழுக்கும்போது, விழும் வாயு சூடாகி ஒளிர்கிறது. அந்த ஒளியே வாயுவை வெளியே தள்ளவும் செய்கிறது. தள்ளலும் ஈர்ப்பும் சமமாகும் எல்லைதான் எடிங்டன் வரம்பு. ஒரு சூரிய நிறைக்கு அது நொடிக்குச் சுமார் 1.3 × 10³⁸ எர்க். 10 சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு 1.3 × 10³⁹. 1.4 சூரிய நிறையுள்ள நியூட்ரான் விண்மீனுக்கு 1.8 × 10³⁸ மட்டும். அப்படியானால் 10⁴⁰-இல் ஒளிரும் மூலம் எது? மூன்று விடைகள் உண்டு. நூறு முதல் லட்சம் சூரிய நிறை வரையுள்ள இடைநிறைக் கருந்துளை வரம்புக்குள் அடங்கி ஒளிரலாம். சாதாரண விண்மீன் நிறைக் கருந்துளை வரம்பை மீறி ஒளிரலாம். நியூட்ரான் விண்மீன் வரம்பை நூறு மடங்கு மீறலாம். மூன்றாவது விடையை 2014 வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொடக்கத்திலேயே ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: ஒளிர்வை வைத்து நிறையைச் சொல்ல முடியாது. இந்தத் துறையில் நேர்ந்த பெரிய தடுமாற்றங்கள் எல்லாம் இதை மறந்ததால் வந்தவைதான். கீழே வரும் எட்டுப் படிகளும் அந்தக் குறுக்குவழியில் இறங்காமல் இருப்பதற்கே.

கையில் இருக்க வேண்டியவை

சந்திரா (ஜூலை 1999), எக்ஸ்எம்எம்-நியூட்டன் (டிசம்பர் 1999), ஸ்விஃப்ட் (2004), நூஸ்டார் (2012) ஆகிய நான்கு எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்களின் தரவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம். சந்திராவின் கண் கூர்மையானது. அரை ஆர்க்நொடி (ஓர் ஆர்க்நொடி என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். எக்ஸ்எம்எம் அவ்வளவு கூர்மையில்லை, ஆனால் அதிக ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, வாரும். நூஸ்டார் 3 முதல் 79 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டான் ஆற்றலின் அலகு) வரை பார்க்கும். ஸ்விஃப்ட் ஒரே மூலத்தை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்து வரும்.

நம் இந்தியச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டை (செப்டம்பர் 2015) ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதன் லாக்ஸ்பெக் கருவி நேரத்தை மைக்ரோநொடிக் கணக்கில் அளக்கும். ஆனால் அது படம் எடுக்காது, ஏறக்குறைய ஒரு டிகிரி அகல வானத்தை மொத்தமாகப் பார்க்கும். நம் மண்டலத்தில் உள்ள பிரகாசமான எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களுக்கு அது அருமையான கருவி. தொலைதூர மண்டலத்தில் மங்கலாகத் தெரியும் புள்ளிக்கு அது தோதுப்படாது. அதே செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி, மூலம் இருக்கும் இடத்தைச் சுற்றி இளம் விண்மீன் கூட்டங்கள் உண்டா என்று பார்க்க நன்றாக உதவும்.

மென்பொருள்களில் சந்திராவுக்கு சியாவோ, எக்ஸ்எம்எம்முக்கு சாஸ், மற்றவற்றுக்கு ஹீசாஃப்ட், நிறமாலைக்கு (எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி என்ற பகுப்புக்கு) எக்ஸ்ஸ்பெக், துடிப்புத் தேட பைத்தானில் ஸ்டிங்ரே. எல்லாம் இலவசம், எல்லாம் லினக்ஸில் ஓடும். விண்டோஸ் கணினி என்றால் உள்ளே ஒரு லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவுவதற்கே சில நாள் போகும். மனம் தளர வேண்டாம்.

இறக்கிய கோப்பைத் திறந்தால் முதலில் படம் வராது, ஓர் அட்டவணைதான் வரும். ஒரு வரிக்கு ஒரு ஃபோட்டான்: எப்போது வந்தது, உணரியில் எந்த இடத்தில் விழுந்தது, எவ்வளவு ஆற்றல். ஆயிரக்கணக்கான வரிகள். ஒரு கோடி ஆண்டுக்கு மேல் பயணம் செய்து வந்த ஒரு ஃபோட்டானுக்கு அட்டவணையில் தனி வரி இருக்கிறது என்பதை முதன்முதலில் கண்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வரிகளைச் சும்மா மேலிருந்து கீழ் ஓட்டிப் பாருங்கள். இனி வருவதெல்லாம் இந்த மூன்று எண்களைப் பலவிதமாகக் கூட்டிக் கழிப்பதுதான்.

படி 1: இடத்தை உறுதி செய்தல்

முதல் கேள்வி, இந்தப் புள்ளி அந்த மண்டலத்தில்தான் இருக்கிறதா? மண்டலத்தின் நடுமையத்தில் இருந்தால் அது பெருங்கருந்துளையாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். மையத்தை விட்டு விலகியிருந்தாலும் இரண்டு வேடதாரிகள் உண்டு. நமக்கும் அந்த மண்டலத்துக்கும் நடுவே நிற்கும் நம் பால்வீதி விண்மீன் ஒன்று. மண்டலத்துக்கு வெகு பின்னால் இருக்கும் குவாசர், அதாவது பெருங்கருந்துளையால் ஒளிரும் தொலைதூர மண்டல மையம், மற்றொன்று. பட்டியலில் உள்ளவற்றில் கணிசமான பங்கு குவாசர்களே.

இதற்கு எக்ஸ் கதிர்ப் பாய்வை (நம்மை வந்தடையும் அளவை) கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பாய்வால் வகுத்துப் பாருங்கள். சாதாரண விண்மீனில் ஒளி மிகுதி, எக்ஸ் கதிர் சொற்பம். குவாசரில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக, பத்தில் ஒரு பங்கு முதல் பத்து மடங்கு வரைக்குள் இருக்கும். உண்மையான யூ.எல்.எக்ஸ். என்றால் எக்ஸ் கதிர் நூறு மடங்கு கூடுதலாக வருவதுண்டு. இவற்றின் ஒளித் துணைகள், அதாவது அதே இடத்தில் கண்ணொளியில் தெரியும் பொருள்கள், மிக மங்கலானவை, பெரும்பாலும் 21 முதல் 26 வரையிலான பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்). ஹபிள் படம் இல்லாமல் நடக்காது. அதுவும் சந்திராவின் துல்லியமான இருப்பிடம் கையில் இருந்தால்தான், ஹபிள் படத்தில் நெருக்கியடித்து நிற்கும் விண்மீன்களில் இன்னதென்று சுட்ட முடியும்.

இடத்தில் கவனமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. எம்-82-இல் எக்ஸ்-1, எக்ஸ்-2 என்ற இரண்டு மூலங்கள் வெறும் 5 ஆர்க்நொடி இடைவெளியில் இருக்கின்றன. எக்ஸ்எம்எம்முக்கும் நூஸ்டாருக்கும் அவை ஒரே பொட்டு. எது எந்தக் கதிரை அனுப்பியது என்று சந்திராவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 2: தூரமும் ஒளிர்வும்

கணக்கு எளிது. ஒளிர்வு = 4π × தூரத்தின் வர்க்கம் × பாய்வு. ஒரு மூலத்திலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 10⁻¹² எர்க் வருகிறது, தூரம் 40 லட்சம் பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) என்று வையுங்கள். தூரம் 1.23 × 10²⁵ சென்டிமீட்டர். அதன் வர்க்கத்தை 4π-ஆல் பெருக்கினால் 1.9 × 10⁵¹. பாய்வால் பெருக்கினால் 1.9 × 10³⁹ எர்க். 10³⁹-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் 20 சூரிய நிறைக் கருந்துளையின் எடிங்டன் வரம்புக்குள் அடங்கிவிடும். நம் பால்வீதியிலேயே உள்ள கருந்துளையான அன்னம் எக்ஸ்-1 (சிக்னஸ் எக்ஸ்-1) இருபத்தொரு சூரிய நிறை. இவ்வளவில் அதிசயம் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது மண்டபத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "தூரத்தையே தப்பா எடுத்திருந்தா, சார்?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. தூரம் இரண்டு மடங்கு பிசகினால் ஒளிர்வு நான்கு மடங்கு பிசகும். மூலம் அந்த மண்டலத்திலேயே இல்லையென்றால் எல்லாமே போச்சு. 2009-இல் ஈ.எஸ்.ஓ. 243-49 என்ற மண்டலத்தின் ஓரத்தில் 10⁴² எர்க்கை எட்டும் ஒரு மூலத்தை எக்ஸ்எம்எம் தரவில் கண்டார்கள். எச்.எல்.எக்ஸ்-1 என்று பெயர். பின்னணிப் பொருளாக இருக்கலாம் என்ற சந்தேகம் உடனே எழுந்தது. அடுத்த ஆண்டு அதன் ஒளித் துணையின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோட்டைப் பிடித்து, அதன் செம்பெயர்ச்சி (விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) அந்த மண்டலத்தோடு பொருந்துவதைக் காட்டிய பிறகே 30 கோடி ஒளியாண்டுத் தூரம் உறுதியானது. இன்றைக்கும் இடைநிறைக் கருந்துளைக்கு மிக வலுவான வேட்பாளர்களில் அது ஒன்று.

தூரம் சரியென்றாலும் இந்தச் சூத்திரத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: மூலம் எல்லாத் திசையிலும் சமமாக ஒளிர்கிறது என்பது. பாம்பன் கலங்கரை விளக்கின் கற்றை நேராகப் படகில் விழும் கணத்தில், அதே வெளிச்சம் எட்டுத் திசைக்கும் போவதாக நினைத்துக் கணக்கிட்டால் அந்த விளக்குக்கு ஓர் ஊருக்கு வேண்டிய மின்சாரம் தேவை என்று விடை வரும். வாயு மிதமிஞ்சி விழும்போது, அது சுழன்று விழும் வட்டு உப்பி, நடுவில் புனல் போன்ற வாய் உண்டாகி, ஒளி அந்த வாய் வழியே குவிந்து வெளியேறலாம். அந்த வாய் நம்மைப் பார்த்து இருந்தால் நாம் ஏமாறுவோம். எனவே நீங்கள் எழுதும் எண்ணை எப்போதும் தோற்ற ஒளிர்வு என்றே குறியுங்கள். ஏழாம் படியில் இதைச் சோதிக்க ஒரு வழி வரும்.

படி 3: ஏறி இறங்குகிறதா

இது விரைவான படி. பல ஆண்டுக் கவனிப்புகளை அடுக்கி ஒளிர்வு வரைபடம் போடுங்கள். சில மணியிலோ நாளிலோ ஏறி இறங்கினால் அது ஒரே பொருள், பல மங்கல் மூலங்களின் கூட்டம் இல்லை. ஆண்டுக்கணக்கில் சீராகத் தணிந்துகொண்டே போனால் பழைய சூப்பர்நோவாவோ (விண்மீன் வெடிப்போ) என்று பாருங்கள்.

இரண்டு சைகைகளைத் தவற விடாதீர்கள். ஒளிர்வு திடீரென்று பல பத்து மடங்கு சரிந்து, பிறகு பழைய நிலைக்கே திரும்பினால், சுழலும் காந்தப்புலம் வாயுவை உள்ளே விடாமல் வீசியடிக்கிறது என்று கொள்ளலாம். அது நியூட்ரான் விண்மீனின் குணம். அடுத்தது, மாதக்கணக்கான சுழற்சி. என்.ஜி.சி. 5907-இன் மூலத்தில் 78 நாள், எம்-82 எக்ஸ்-2-இல் ஏறக்குறைய 60 நாள், எம்-51-இன் ஏழாம் மூலத்தில் 38 நாள். மூன்றும் நியூட்ரான் விண்மீன்களே.

படி 4: நிறமாலை

பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது. பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள்.

கருந்துளையைச் சுற்றும் வட்டின் உள்விளிம்பு வெப்பநிலை, நிறை கூடக் கூடக் குறையும். நிறையின் நான்காம் மூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில். 10 சூரிய நிறைக்கு ஏறத்தாழ 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்றால், சில ஆயிரம் சூரிய நிறைக்கு 0.2-ஐ ஒட்டி வரும். 2003-இல் என்.ஜி.சி. 1313-இன் மூலங்களின் எக்ஸ்எம்எம் நிறமாலையில் 0.15 போன்ற குளிர்ந்த வட்டு தெரிந்தது. இடைநிறைக் கருந்துளை கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள்.

பிறகு தரமான தரவு வந்தது. 2009-இல் பன்னிரண்டு மூலங்களின் சிறந்த நிறமாலைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், 3 முதல் 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள் வளைவு கீழே மடங்குவதைக் கண்டார்கள். நூஸ்டார் அதற்கு மேலும் பார்த்து, மடங்கல் உண்மைதான் என்று உறுதி செய்தது. வரம்புக்குள் அடங்கி உண்ணும் கருந்துளையின் கடின நிலை (அதிக ஆற்றல் எக்ஸ் கதிர் மிகுந்த நிலை) நிறமாலை இப்படி மடங்காது, பல பத்து கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை நேராக நீளும். ஆகவே அந்தக் குளிர்ந்த பகுதி பெரிய கருந்துளையின் வட்டு என்பதைவிட, வரம்பு மீறி உண்ணும்போது கிளம்பும் அடர்ந்த காற்றின் மேற்பரப்பு என்பதே இன்று பொருந்துகிறது.

செய்முறை: எக்ஸ்எம்எம், நூஸ்டார் இரண்டும் ஒரே நாளில் பார்த்த தரவைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ஸ்பெக்கில் முதலில் வழியில் உள்ள வாயுவின் உறிஞ்சலோடு ஒற்றை அடுக்குவிதியை (ஆற்றலின் ஓர் அடுக்காகக் குறையும் வளைவை) பொருத்துங்கள். நேர்கோடாகப் பொருந்தி, அடுக்கு 1.8-ஐ ஒட்டி, 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலோ செம்பெயர்ச்சியால் அதற்குக் கீழேயோ இரும்புக் கோடும் இருந்தால் குவாசர் சந்தேகம் வலுக்கிறது, முதல் படிக்குத் திரும்புங்கள். மீதங்களில் (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தில்) வளைவு தெரிந்தால் இரண்டு வெப்பக் கூறுகளை வையுங்கள். ஃபோட்டான்கள் ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் எந்த மாதிரியும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்துவதற்கு மதிப்பில்லை.

எம்-101-இன் யூ.எல்.எக்ஸ்-1 நல்ல எச்சரிக்கை. மிக மென்மையான (குறைந்த ஆற்றல் மிகுந்த) நிறமாலை, குளிர்ந்த வட்டு, எனவே இடைநிறை என்று பேச்சு இருந்தது. 2013-இல் அதன் துணையான உல்ஃப்-ராயே (மிக வெப்பமான, பெரிய) விண்மீனின் இயக்கத்தை அளந்தபோது 8.2 நாள் சுற்றுக்காலமும், பெரும்பாலும் 20 முதல் 30 சூரிய நிறையுள்ள கருந்துளையும் வந்தன. ஆயிரக்கணக்கில் இல்லை.

நிறமாலையில் ஒரே ஓர் அம்சம் மட்டும் நேரடிச் சான்றாக நிற்கும்: சைக்ளோட்ரான் கோடு. வலுவான காந்தப்புலத்தில் சுழலும் துகள்கள் குறிப்பிட்ட ஆற்றலை உறிஞ்சுவதால் வரும் பள்ளம் அது. கருந்துளைக்கு அப்படிப்பட்ட சொந்தக் காந்தப்புலம் கிடையாது. எம்-51-இன் எட்டாம் மூலத்தில் 4.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் அதைக் கண்டு 2018-இல் அறிவித்தார்கள். துடிப்பே தெரியாத நிலையில் அது நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது.

படி 5: துடிப்பைத் தேடுதல்

எல்லாப் படியிலும் எனக்குப் பிரியமானது இது. நேரமும் உழைப்பும் அதிகம் கேட்பதும் இதுதான்.

கருந்துளைக்குத் தரை கிடையாது, காந்தத் துருவம் கிடையாது. எனவே கடிகாரம் போலச் சீரான துடிப்பு தெரிந்தால் அது நியூட்ரான் விண்மீன், வழக்கு முடிந்தது. 2014 ஜனவரியில் எம்-82-இல் ஒரு சூப்பர்நோவா வெடித்தது. அதைப் பார்க்க நூஸ்டாரைத் திருப்பினார்கள். அந்தத் தரவில் 1.37 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் சைகை கிடைத்தது. சந்திராவின் உதவியோடு அது எக்ஸ்-2-இலிருந்து வருகிறது என்று முடிவானது. அதன் உச்ச ஒளிர்வு 1.8 × 10⁴⁰, அதாவது நியூட்ரான் விண்மீனின் எடிங்டன் வரம்பைப் போல நூறு மடங்கு. அதற்கு முன்தினம் வரை அது கருந்துளை என்றே எண்ணப்பட்டது.

முதலில் உங்கள் கருவிக்கு அந்தத் துடிப்பு தெரியுமா என்று பாருங்கள். எக்ஸ்எம்எம்மின் பி.என். உணரி முழுச்சட்ட முறையில் 73 மில்லிநொடிக்கு ஒருமுறை படிக்கும், மாஸ் உணரி 2.6 நொடிக்கு ஒருமுறை, சந்திரா வழக்கமான முறையில் 3.2 நொடிக்கு ஒருமுறை. படிக்கும் இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்குக் குறைந்த துடிப்பு கண்ணில் படாது. சந்திரா தரவில் ஒரு நொடித் துடிப்பைத் தேடுவது வீண் வேலை. இத்தனை காலம் இவை சிக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, போதுமான ஃபோட்டான்கள் உண்டா? துடிப்பின் வீச்சு 10 சதவீதம், ஃபோட்டான்கள் 10,000 என்றால் திறன் நிறமாலையில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு துடிப்பு என்ற வரைபடத்தில்) எதிர்பார்க்கும் உயரம், வீச்சின் வர்க்கத்தை எண்ணிக்கையால் பெருக்கிப் பாதியாக்கினால் 50. வெறும் இரைச்சலின் சராசரி உயரம் 2. எனவே பளிச்சென்று நிற்கும். ஃபோட்டான்கள் 1,000 மட்டும் என்றால் அந்த 50 வெறும் 5 ஆகி இரைச்சலில் கரைந்துவிடும். பட்டியலில் உள்ள பெரும்பாலான மூலங்களின் தரவு இந்த இரண்டாம் வகை. துடிப்பு இல்லை என்பதும் துடிப்பைக் காணும் அளவுக்குத் தரவு இல்லை என்பதும் வேறு வேறு. உங்கள் குறிப்பேட்டில், "இத்தனை சதவீதத்துக்கு மேல் துடிப்பு இருந்திருந்தால் தெரிந்திருக்கும்" என்று மேல்வரம்பை எழுதுங்கள்.

மூன்றாவது, நேரத் திருத்தம். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஃபோட்டான் வரும் நேரம் ஆண்டில் எட்டு நிமிடத்துக்கு மேல் முன்னும் பின்னும் தள்ளிப் போகும். ஒவ்வொரு நேரத்தையும் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுங்கள். மென்பொருள்களில் ஒற்றைக் கட்டளைதான். மாற்றாமல் தேடுபவர்கள் உண்டு, அவர்களுக்குக் கிடைக்காது.

நான்காவது, மூலத்தின் சொந்தச் சுற்று. எம்-82 எக்ஸ்-2 தன் துணையை இரண்டரை நாளில் சுற்றுகிறது. அந்தச் சுற்றுப்பாதையின் நாம் காணும் ஆரம் 22 ஒளிநொடி. இதனால் துடிப்புக்காலம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறும். ஆனால் 50,000 நொடித் தரவில் 36,000 துடிப்புகள் இருக்கின்றன. அவ்வளவு துடிப்பிலும் சேரும் பிசகு உச்சியை இழுத்துத் தேய்த்து மறைத்துவிடும். எனவே துடிப்புக்காலத்தோடு அது மாறும் வேகத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். ஸ்டிங்ரேயில் இதற்கான கருவிகள் உண்டு. கணினி இரவெல்லாம் ஓடும், ஓடட்டும்.

தேடல் விரிய விரியப் பொய்யான உச்சிகளும் கூடும். பத்தாயிரத்தில் ஒருமுறை தற்செயலாக வரும் உயரத்தை ஒரு லட்சம் அதிர்வெண்ணில் தேடினால் பத்து உச்சிகள் சும்மாவே கிடைக்கும். எனவே நிகழ்தகவை முயற்சிகளின் எண்ணிக்கையால் பெருக்கிய பிறகே மகிழ்ச்சி அடையுங்கள். பிறகு அதே காலத்தை வேறு நாள் தரவிலோ வேறு உணரியிலோ தேடிப் பாருங்கள். இரண்டிலும் தெரிந்தால்தான் நம்பலாம்.

என்.ஜி.சி. 5907-இன் மூலம் 10⁴¹ எர்க் வரை ஒளிர்வது. இடைநிறைக் கருந்துளை என்று சொல்லப்பட்டு வந்தது. 2017-இல் வெளியான ஆய்வில், அது 1.13 நொடியில் துடிக்கும் நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. 2003-ஆம் ஆண்டின் எக்ஸ்எம்எம் தரவிலேயே 1.43 நொடித் துடிப்பு இருந்தது. பதின்மூன்று ஆண்டுக்கும் மேலாக யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி காப்பகத்தில் கிடந்த தரவு அது. நம் கரையில் இருப்பவர்களுக்கும் இந்த வேலையில் இடம் உண்டு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

படி 6: துணை விண்மீனின் இயக்கம்

நிறையை நேராக அளக்க ஒரே வழி, துணை விண்மீனின் வேகம் ஏறி இறங்குவதை அளப்பது. சுற்றுக்காலமும் வேக வீச்சும் கிடைத்தால் நிறையின் கீழ்வரம்பு வரும். 22-ஆம் பொலிவெண்ணைத் தாண்டிய விண்மீனின் நிறமாலையை எடுக்க 8 மீட்டர், 10 மீட்டர் தொலைநோக்கிகள் வேண்டும். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி நமக்குப் பெருமை, ஆனால் இந்த வேலைக்குப் போதாது. எனவே இந்தப் படியில் நாம் செய்ய முடிவது பிறர் வெளியிட்ட அளவீடுகளைக் கவனமாகப் படிப்பது. எந்தக் கோட்டை அளந்தார்கள் என்று பாருங்கள். ஹீலியம் 4686 கோடு (எண் அதன் அலைநீளம், ஆங்ஸ்ட்ராமில்) பல மூலங்களில் வட்டிலிருந்தோ காற்றிலிருந்தோ வருகிறது, துணையோடு சேர்ந்து ஒழுங்காக ஆடுவதில்லை. அதை நம்பி நிறை சொல்ல முடியாது.

என்.ஜி.சி. 7793 மண்டலத்தில் உள்ள பி-13 என்ற மூலத்தின் கதையை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2014 அக்டோபரில் நேச்சர் இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று பி-13-இன் 64 நாள் சுற்றை ஆராய்ந்து, உள்ளே இருப்பது 15 சூரிய நிறைக்குக் குறைந்த கருந்துளை என்றது. அடுத்தது எம்-82 எக்ஸ்-2-இன் துடிப்பு. இரண்டே ஆண்டில் பி-13-இலும் 0.42 நொடித் துடிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் நியூட்ரான் விண்மீனே. முதல் கட்டுரையின் அளவீடு பொய்க்கவில்லை. 15-க்குக் குறைவு என்பதில் 1.4-உம் அடக்கம். கருந்துளை என்ற சொல்தான் அளவீட்டிலிருந்து வராமல் பழக்கத்திலிருந்து வந்தது.

படி 7: சுற்றியுள்ள வாயுவைக் கேட்டல்

சில மூலங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஒளியாண்டு அகலத்துக்கு வாயுக்குமிழி ஒளிர்கிறது. ஹோம்பெர்க் 2 மண்டலத்தின் மூலத்தைச் சுற்றி, இரண்டு எலெக்ட்ரானையும் இழந்த ஹீலியம் இருக்கிறது. அதை அப்படி உரிக்க எவ்வளவு எக்ஸ் கதிர் எல்லாப் பக்கமும் போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் பல 10³⁹ எர்க் வருகிறது. நாம் நேரடியாக அளந்ததும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்த மூலத்தில் ஒளி பெரிதாகக் குவியவில்லை, உண்மையாகவே அவ்வளவு ஒளிர்கிறது. இரண்டாம் படியில் வைத்த சந்தேகத்துக்கு இப்படித்தான் பதில் கிடைக்கும்.

காற்றும் பேசும். 2016-இல் என்.ஜி.சி. 1313 எக்ஸ்-1, என்.ஜி.சி. 5408 எக்ஸ்-1 இரண்டின் நிறமாலையிலும் ஒளிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில் வெளியேறும் வாயுவின் உறிஞ்சல் கோடுகள் தெரிந்தன. வரம்பு மீறி உண்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. எம்-82 எக்ஸ்-2-இல் இன்னொரு வழியில் போனார்கள். அதன் சுற்றுக்காலம் மெல்லக் குறைவதை ஆண்டுக்கணக்கில் அளந்து, துணையிலிருந்து ஆண்டுக்குப் பூமியைப் போல ஒன்றரை மடங்கு பொருள் பறிபோகிறது என்று கண்டார்கள். வரம்பு மீறல் நிஜம் என்பதற்கு ஒளிர்வைச் சாராத சான்று அது.

படி 8: தீர்ப்பை எழுதுதல்

துடிப்போ சைக்ளோட்ரான் கோடோ உறுதியானால் நியூட்ரான் விண்மீன் என்று எழுதுங்கள். துணையின் இயக்கத்திலிருந்து கிடைத்த கீழ்வரம்பு 3 சூரிய நிறையைத் தெளிவாகத் தாண்டினால் கருந்துளை என்று எழுதலாம். நிறமாலை மடங்கலும் வேகமான காற்றும் மட்டும் இருந்தால், வரம்பு மீறி உண்ணும் மூலம், உள்ளே இருப்பது உறுதியாகவில்லை என்று எழுதுங்கள். பெரும்பாலானவை இந்த மூன்றாம் பெட்டிக்குள்தான் விழும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இடைநிறை என்ற பெயரை 10⁴¹-க்கு வெகுவாக மேலே போகும் ஒளிர்வு, உறுதியான தூரம், துணை விண்மீனோடு சுற்றும் சாதாரணக் கருந்துளைகளைப் போல நிலை மாறும் நிறமாலை மூன்றும் சேர்ந்தால் மட்டும் எடுங்கள். எச்.எல்.எக்ஸ்-1 அந்தத் தேர்வில் நிற்கிறது. எம்-82 எக்ஸ்-1-க்கு, 3.3, 5.1 ஹெர்ட்ஸ் அலைவுகளை வைத்து 2014-இல் சொன்ன 400 சூரிய நிறை, அலைவுகள் நிறைக்கேற்ப மாறும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. அந்த அனுமானத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பயிற்சிக்கு எதில் தொடங்குவது? என்.ஜி.சி. 300-இன் யூ.எல்.எக்ஸ்-1-இல் தொடங்குங்கள். சுமார் 60 லட்சம் ஒளியாண்டு தூரம்தான். 2010-இல் அதைச் சூப்பர்நோவா என்று பதிவு செய்து, பிறகு இல்லை என்று திருத்தினார்கள். 2018-இல் நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. 2016 டிசம்பரில் எக்ஸ்எம்எம்மும் நூஸ்டாரும் சேர்ந்து பார்த்த தரவை இறக்குங்கள். துடிப்பு வீச்சு மிகப் பெரியது, காலமும் நீண்டது, எனவே மாஸ் உணரியிலும் தெரியும். நேரத் திருத்தம் செய்து, 20 முதல் 40 நொடி வரை தேடுங்கள். 31.6 நொடியை ஒட்டி உச்சி எழ வேண்டும். எழுந்ததும் தரவை நாள்வாரியாக வெட்டித் தனித்தனியே தேடுங்கள். நான்கு நாளுக்குள் காலம் 31.71-இலிருந்து 31.54 நொடிக்கு இறங்குவது தெரியும். விழும் வாயு அந்த விண்மீனை முறுக்கி வேகப்படுத்துகிறது. அந்த இரண்டு எண்களும் உங்கள் கணினியில் வந்துவிட்டால் பி-13 தரவுக்குப் போகலாம்.